ஆர்டர் முடிந்த ஸ்கிரீன்

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, ஐயா. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரே படம் நூல் கடைக்காரர் கொடுத்த காலண்டர் முருகன்தான். அதையும் தேதி பார்க்கத்தான் மாட்டியிருக்கிறோம். அப்படிப்பட்ட இந்த வேல்குமார் கலைப் படங்கள் சேர்க்கக் கிளம்பியது எப்படி என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதலிபாளையத்தில் எனக்கு ஒரு பிரிண்டிங் யூனிட். பனியனின் நெஞ்சில் புலி, பூனை, யாருக்கும் புரியாத இங்கிலீஷ் என்று கேட்டதை அடித்துக் கொடுப்போம். ஜெபக்குமார் எங்கள் டிசைனர். திசையன்விளைப் பக்கத்துப் பையன். வருகிற டிசைனைக் கம்ப்யூட்டரில் நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. ஒருநாள் காலையில் வந்ததும் போனில் ஒரு படம் காட்டினான். கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை மேல் ஒரு தெருநாய், மில் முதலாளி தோரணையில் படுத்திருந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பேரின் ஜாடை இருந்ததால் வாய்விட்டுச் சிரித்தேன்.

"இத கிரிப்டோ ஆர்ட்டுன்னு விக்கலாம் அண்ணாச்சி" என்றான்.

அவன் சொன்னபடி, படத்தை நெட்டில் உலகமே பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். சொந்தக்காரர் இன்னார் என்ற பதிவு மட்டும் ஒருவர் பேரில் இருக்கும். அந்தப் பதிவைத்தான் வாங்குகிறார்களாம். அதாவது பனியனே இல்லாமல் லேபிளை மட்டும் விற்பது. காலமெல்லாம் ஊரான் லேபிளை வைத்துத் தைக்கும் திருப்பூர்க்காரனுக்கு இந்த யோசனை வரவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. நானும் போனில், கிரிப்டோ பணம் போட்டு வைக்கும் வாலட் ஒன்று திறந்தேன். மனைவியின் நகையை அடகு வைத்து, அவன் போட்ட நாய்ப்படங்கள் அத்தனையையும் வாங்கினேன்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் அத்தனையையும் என்னிடம் மொத்தமாக விலைக்குக் கேட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு. இந்த ஓவியர் இன்னும் எத்தனை வரைவார்? படம் பெருகினால் விலை இறங்கிவிடுமாம்.

நியாயமான கேள்வி. ஜெபக்குமாரோ தினமும் ஒரு நாயை இறக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இப்படித் தெனமும் ஒண்ணு விட்டா எப்படீங்க? நிறுத்திப் போடுங்க" என்றேன்.

"நாய் இருக்க வரைக்கும் படம் வரும்லா அண்ணாச்சி" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். பயம்தான் வந்தது. நகை போய்விடும் என்ற பயம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் முடிந்து சரக்கு ஏறியதும், அந்த டிசைனை அடித்த சல்லடைத் துணியை, அதாவது ஸ்கிரீனை, கிழித்து, போட்டோ எடுத்து, சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டும். இனி ஒரு பீஸ்கூட யாரும் அடிக்க முடியாது என்பதற்கு அதுதான் ஆதாரம். பல பேர் வேறு ஏதாவது பழைய ஸ்கிரீனைக் கிழித்து ஏமாற்றுவார்கள். நான் அப்படிச் செய்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, யூனிட்டில் யாரும் இல்லாதபோது அவனை வரச்சொன்னேன். பிரிண்ட்டைச் சூட்டில் ஒட்டவைக்கும் பிரஸ்ஸில் கை மாட்டாமல் இருக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அதை நானே கழற்றியிருந்தேன்.

"கண்ணு, அந்த ஷீட்டைக் கொஞ்சம் நேரா வெய்யுங்க."

வைத்தான். வலது கை. அவன் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது சூடான தட்டை இறக்கினேன். காட்டனுக்கு வைத்திருந்த நேரம் முழுவதும் விட்டேன். பாதியில் எடுத்தால் பிரிண்ட் நிற்காது. பழக்க தோஷம். என் இன்னொரு கையில் போன் இருந்தது, போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனேன், சீட்டெல்லாம் வீணானாலும் பரவாயில்லை என்று. மெஷின் தானாக இறங்கிவிட்டது என்றேன். மயக்கம் தெளிந்ததும் அவனும் அப்படித்தான் நம்பினான். என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா செத்திருப்பேன் அண்ணாச்சி" என்று அழுதான். எனக்கும் கண் கலங்கியது. பொய் இல்லை, ஐயா.

இனிமேல் படம் வராது என்பதற்கு அந்த வெளிநாட்டுக்காரர் ஆதாரம் கேட்டார். வழக்கம்போல போட்டோவை அனுப்பினேன். அந்த மனுஷன் அதை நெட்டில் ஊருக்கே தெரியும்படி போட்டுவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபக்குமாரின் மனைவி ஆஷா எதிரே வந்து நின்றது. வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பனியன் செக்கிங் வேலை பார்க்கும் பெண். என் முகத்துக்கு நேரே போனை நீட்டியது.

"கை உள்ள இருக்கப்பவே படம் எடுத்திருக்கீகளே அண்ணாச்சி" என்றது. அழவில்லை. பிறகு, "அவருக்கு ஒரு கோடு நேரா வராது. நாய வரையுறது நான்லா. பொம்பளப் பேருக்கு வெல வராதுன்னு அவரு பேரப் போட்டோம்."

போனைத் தள்ளிக் காட்டியது. அன்று காலையில் வரைந்த புது நாய். பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என் ஜாடை.

அவன் கையை நான்தான், வேண்டுமென்றே, பொசுக்கினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் நகையை வைத்து வாங்கிய ஒரு மனிதனுக்கு, ஒருத்தி செய்த சரக்கை வேறொருவர் லேபிள் போட்டு விற்றிருக்கிறார்கள். இது மோசடி இல்லையா? அந்தப் புகாரையும் இதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.