மெயின் ஆஃப் செய்யாத வீடு

என் குறிப்பு: ஐப்பசி, வெள்ளிக்கிழமை. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரே தெருப் பெண்கள் இருவர். கம்பத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் லைன்மேன், மூத்தவளின் கணவர். அவரைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

"கரண்ட்டு போனதுலேர்ந்து சொட்டு தண்ணி இல்லக்கா. புதன்கிழமை காத்தாலதான் டீசல் கெடச்சுது. வாடகை ஜெனரேட்டர வூட்டு ப்ளக்குல சொருகி மோட்டார் போட்டேன்."

"மெயின ஆஃப் பண்ணியாடி?"

"கரண்ட்டே இல்ல, ஆஃப் பண்ணி இன்னா ஆவப்போவுது?"

"அடிப்பாவி! உன் ஜெனரேட்டர் கரண்ட்டு வெளிய லைனுக்கு ஏறுமேடி! அந்நேரம் கம்பத்து மேல இருந்தது யாரு?"

"மழையில வழுக்கிட்டாருன்னுதானேக்கா சொன்னாங்க..."

மூத்தவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். அவர் வழுக்கித்தான் விழுந்தாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.