செட் ஆகல

பேருந்தில் யாரோ ஏற்றிய மூட்டையிலிருந்து ஏலக்காய் மணக்கும்போதெல்லாம் அந்தக் கல்யாணத் தரகர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். அன்றும் ஏலக்காய் மணத்தது; கம்பத்திலிருந்து தேனி போகிற பேருந்து. எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும். பக்கத்து வரிசையில் அவர்.

“ஆத்தா, சின்னமனூர் மாப்பிள்ளை வீட்ல செட் ஆகாதுன்ட்டாக.”

“எது செட் ஆகாது? நகை செட்டு கேட்டாக, சரின்னோம். தோட்டத்துக்கு மோட்டார் செட்டு கேட்டாக, அதுக்கும் தலையாட்டுனோம். ரேடியோ செட்டுக்காரன் வரைக்கும் பேசியாச்சு. இன்னும் எந்தச் செட்டுல கொறை?”

ஒரே சொல்லுக்குள் ஒரு கல்யாண வீட்டையே அடுக்கிவிட்டாள் அந்தத் தாய்.

தரகர் குரலைத் தாழ்த்தினார். “பாப்பாதேன். குடிப்பீகளான்னு மாப்பிள்ளைட்ட நேராக் கேட்டிருச்சாம்ல?”

“கேட்டா என்ன? இல்லைன்னு சொல்லிட்டுப் போறது.”

“எப்பிடிச் சொல்லுவாக? பொண்ணு பாக்க வர்ற பயத்துல லேசாப் போட்டுட்டுல்ல வந்திருந்தாக.”

தரகர் தொடர்ந்தார். “விடுங்க. கோம்பையில ஒரு இடம் இருக்கு, நான் செட் பண்ணித் தாரேன். பாப்பா மட்டும் வாயத் தொறக்கக் கூடாது.”

உத்தமபாளையம் வந்தது. அதுவரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“கூட்டிட்டு வாங்க மாமா. அவருகிட்டயும் அதேதேன் கேப்பேன்.”