பிடுங்கி வந்த மனு

திருவட்டாறிலிருந்து பேச்சிப்பாறை போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: “எம்.எல்.ஏ. கையில குடுத்த மனுவப் பிடுங்கிட்டு வந்துட்டேன், மக்கா.”

“ஐயோ, எதுக்கு அக்கா?”

“அவன் வார்டு மெம்பரா இருக்கும்போ, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தன்னைக்கு, வெள்ளத்துல அவன்தான் தோள்ல தூக்கி ஓடையைக் கடத்துனான். எம்.எல்.ஏ. ஆனா மொதல் வேலை பாலம்னு சொன்னான். ஓட்டு கேக்க நானும் வீடு வீடா நடந்தேன். பிள்ளைங்க இப்பவும் ஓடைக்குக் குறுக்க போட்ட கமுகுத் தடி மேல நடந்துதான் பள்ளிக்கூடம் போவுது. அதச் சொல்ல ஆபீசுக்குப் போனா, ‘எந்த ஊரு அம்மா?’ன்னு கேக்கான்!”

“ஒங்களத் தெரியலியா?”

“முகத்தப் பாத்தாத்தானே தெரியும்? கேமராவப் பாத்து நின்னான். போட்டோக்காரன் எங்கிட்ட, ‘கொஞ்சம் சிரிங்க’ன்னான். பொறுக்கல, பிடுங்கிட்டேன். ‘அந்தத் தடி மேல நடந்து வா, அங்க வச்சுத் தாறேன்’னு சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“அப்பந்தான் என் முகத்தப் பாத்தான். ‘அக்கா’ன்னு விளிச்சான். நான் திரும்பிப் பாக்கல.”