அம்மா பூசும் எண்ணெய்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“எங்கம்மாவ வச்சு ஒரு பொய் எழுதிட்டேன்டி.”

“என்ன பொய்?”

“நான் வேல செய்ற கடையில முட்டிவலி எண்ணெய் விக்கிறாங்கல்ல, அதுக்குப் பேஸ்புக் விளம்பரம். ‘கொழுந்து பறிக்கிற எங்கம்மாவுக்கு மூணே நாள்ல வலி போயிருச்சு’ன்னு எழுதினேன். அம்மா அதத் தொட்டதே இல்ல.”

“எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?”

“எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல பாதிப் பேரு வாங்கிட்டாங்க. அம்மாகிட்டயே வந்து நெசமான்னு கேட்டிருக்காங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஆமான்னுட்டாங்க. இப்ப தெனமும் வாசல்ல உக்காந்து, எல்லாரும் பாக்கப் பூசுறாங்க.”

“வலி?”

“அப்படியேதான் இருக்கு. ஆனா யாராச்சும் பாத்தா நொண்டாம நடக்கிறாங்க.”