விற்ற எஞ்சின், விற்ற தோடு

“படுங்கோ! எல்லாரும் நிலத்தில படுங்கோ!”

கத்துவது நான்தான். யாரும் படுக்கவில்லை.

முதல் வெடி வடக்கு மூலையில். பழைய இரும்பைக் குவித்து வைத்திருக்கும் இடம். கூவல் கேட்கவில்லை. பீரங்கி ஷெல் வரும்போது முதலில் கூவும். பிறகுதான் விழும். அந்தக் கூவலுக்குள் ஆள் விழுந்து படுத்துவிடலாம். இது கூவவில்லை. நேராக வெடித்தது. தகரப் பீப்பாவை உள்ளிருந்து யாரோ குத்தியது போல ஒரு சத்தம். பிறகு கூரையில் இரும்புத் துண்டுகள் விழும் சத்தம். சடசடவென்று. நெடுநேரம்.

நான் மண்ணில் கிடக்கிறேன். வாயெல்லாம் துரு.

இது மன்னார் இல்லை. கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியின் ஸ்கிராப் யார்டு. 2008. கோடை. இங்கே சத்தம் கேட்டால் சனம் படுப்பதில்லை. பார்க்க ஓடுகிறது.

கன்னியம்மாவும் ஓடுகிறாள். என்னோடு இரும்பு பிரிக்கிறவள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. அகதி முகாமுக்கு வெளியே எனக்கிருந்த ஒரே சிநேகிதி.

“எங்க போறாய்? படு, கன்னியம்மா!”

“இன்னாக்கா நீ, சிலிண்டரு வெடிச்சிருக்கும். உன் ஊட்டுக்காரரு அங்கதான கீறாரு? இரு, நான் பாத்துகினு வரேன்.”

என் கணவர் அந்தோனி அங்கேதான் இருந்தார். இரும்பை கேஸில் வெட்டுகிறவருக்கு உதவியாள். கன்னியம்மா போனது எனக்காக. நான் எழும்பவில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று விழும் என்று என் உடம்புக்குத் தெரியும். கை மண்ணைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

இரண்டாவது வெடித்தது.

இது இன்னும் பெரியதாக நினைவிருக்கிறது. காது அடைத்துப் போனது. புகை கறுப்பாக இல்லை, மஞ்சளாக இருந்தது. வெடித்தவை ஷெல்கள்தான். எந்த நாட்டுச் சண்டையிலோ வெடிக்காமல் மிஞ்சியவை. பழைய இரும்போடு சேர்த்துக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் யுத்தத்தை விட்டு ஓடிவந்தோம். அது கன்டெய்னரில் ஏறிப் பின்னால் வந்தது.

நாங்கள் ஓடிவந்ததைச் சொல்ல வேண்டும். அதை எஞ்சினில் இருந்து தொடங்க வேண்டும்.

மன்னார்க் கரையில் எங்களுக்கு ஒரு படகு இருந்தது. அதற்கொரு வெளிநாட்டு எஞ்சின். பல வருட உழைப்பு. அந்தோனி கடலால் வந்ததும் முதலில் தான் குளிக்கமாட்டார். எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சாக்குப் போட்டு மூடிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவார். மகள் நிரோஜினி அதற்குப் பொட்டு வைப்பாள். “அப்பாட மூத்த பிள்ளை” என்று கேலி செய்வாள்.

2006 பிறந்தது. சண்டை திரும்ப மூண்டது. கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டும். பெரிய எஞ்சினுக்குத் தடை. எங்கள் எஞ்சின் வீட்டுப் பின்கோடிக்குள் சும்மா கிடந்தது. வீட்டில் அரிசி முடிந்தது. ஒரு வியாபாரி வந்து கேட்டார். நானும் அந்தோனியும் இருந்து பேசினோம். விற்பது என்று முடிவெடுத்தோம். அவருடைய தம்பி செபமாலை மட்டும் தடுத்தான்.

“அண்ணை, வேற எதையும் வில்லுங்கோ. நாளைக்கு ஓட வேண்டி வந்தா எதில ஓடுறது?”

ஓட வேண்டி வந்தது. அதிக நாள் எடுக்கவில்லை. ஷெல் கிணற்றடியில் விழுந்தது. அடுத்தது தேவாலயத்துக்குப் பின்னால். ஊர் கடற்கரைக்கு ஓடியது. தன் எஞ்சினை ஒளித்து வைத்திருந்த ஒருவர் படகை இறக்கினார். அதில் இடமில்லை. எங்கள் படகைக் கயிற்றால் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒப்புக்கொண்டார்.

ஏறுவதற்கு முன் நிரோஜினியின் தோடு இரண்டையும் கழற்றினேன். வழியில் யாரும் பறிக்கக் கூடாது என்று. அவள் அழுதாள். இந்தியாவுக்குப் போய்ப் போடுவோம் என்றேன். சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினேன். அவளுக்கு ஒன்பது வயது.

விடியும் நேரம். நடுக்கடல். பின்னால் ஒரு வெளிச்சம். அது ஆடுகிறது. பெரிதாகிறது. எஞ்சின் சத்தம் கனமான சத்தம். நேவிப் படகு.

“கயிறை வெட்டு! வெட்டு!”

முன்படகில் இருந்து வந்த குரல். யாருடையது என்று இன்றுவரை தெரியாது. கயிறு அறுந்து தண்ணீரில் விழுகிறது. முன்படகு போகிறது. நாங்கள் நிற்கிறோம். அந்தோனியும் செபமாலையும் துடுப்புப் போடுகிறார்கள். படகின் பின்பக்கம், எஞ்சின் இருந்த இடம், வெறும் பலகை. அந்தோனி அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

துப்பாக்கிச் சூடு. தண்ணீரில் படும்போது சுளீர் என்று கேட்டது. பலகையில் படும்போது வேறு சத்தம். ஆளில் படும்போது சத்தமே இல்லை. செபமாலை துடுப்போடு சாய்ந்து கடலில் விழுந்தான். பிடிக்கக் கை நீட்டினேன். கிடைக்கவில்லை. திரும்பினேன். நிரோஜினி படுத்திருந்தாள். ‘படு’ என்று நான் சொல்லி வைத்தபடி படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். படகுக்குள் நின்ற தண்ணீர் சிவந்துகொண்டு வந்தது.

பிறகு சூடு நின்றது. ஏன் நின்றது என்று தெரியாது. வெளிச்சம் திரும்பிப் போனது. அந்தோனி தனியே வலித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. நிறுத்தவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு மணல் திட்டில் கரை தட்டினோம். கையால் கிண்டி அவளைப் புதைத்தோம். அலை வந்து மூடும் மணல் அது. சிலுவை நட ஒரு தடிகூட இல்லை. பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு போன இந்திய மீன்பிடிப் படகில் இருந்து பார்த்தேன். எந்த இடம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கும்மிடிப்பூண்டி முகாமில் ஓர் அறை தந்தார்கள். அந்தோனி கடல் வேலை தேடவில்லை. பழவேற்காட்டுக்கு வாருங்கள் என்று ஒருவர் கூப்பிட்டார். போகமாட்டேன் என்றுவிட்டார். இரும்பு யார்டில் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். சாப்பிடும்போது திடீரென்று அவர் கை நிற்கும். “எஞ்சின் இருந்திருந்தா, ரெஜினா…” அதற்குமேல் சொல்லமாட்டார். நான் இடுப்பு முடிச்சில் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அவளுடையதென்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். படம் கூட இல்லை.

திரும்ப யார்டு. மஞ்சள் புகை. எழும்பி ஓடுகிறேன். கன்னியம்மா கிரேன் பக்கத்தில் கிடக்கிறாள். முகத்துக்கு ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே சொல்லமாட்டேன். சேலையைக் கழற்றி மூடினார்கள் இரண்டு பெண்கள். அந்தோனி குவியலுக்கு அந்தப் பக்கம். உயிர் இருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கந்தல். என் சேலைக் கரையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினேன். அதை மன்னாரில் பழகியிருந்தேன்.

கம்பெனி வண்டி வரவில்லை. மேஸ்திரியைக் காணவில்லை. ரோட்டில் ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தினார்.

“ஏத்துமா, ஏத்து! இன்னாத்துக்கு நின்னுகினு கீற? ரத்தம் பூரா போய்க்கினு இருக்குது!”

பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுப்போம் என்றார்கள். சென்னைவரை தாங்காது என்றும் அவர்களே சொன்னார்கள். நான் பஜாருக்கு ஓடினேன். ரத்தக் கையோடு. நகைக் கடையில் முடிச்சை அவிழ்த்தேன். அடகாக வையுங்கள், மீட்டுக்கொள்வேன் என்றேன்.

கடைக்காரர் என் அட்டையைப் பார்த்தார். “அகதி அட்டைக்கு அடகு போடுறதில்லமா. விக்கிறதுன்னா குடு, இப்பவே டப்பு தரேன்.”

குடுத்தேன். தராசுத் தட்டில் இரண்டு தோடும் கிடந்தன. சின்னப் பூ. நடுவில் சிவப்புக் கல். கல்லை நெம்பி எடுத்து மேசையில் போட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்தார். கல்லையாவது தாருங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஓடிவிட்டேன்.

அந்தோனி பிழைத்தார். கால் போனது. நினைவு வந்து, அவர் முதலில் கேட்டது எப்படிக் காசு கட்டினாய் என்று. சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் எஞ்சினை வித்தன். நீ தோட்டை வித்தாய். என்னை விட்டிருக்கலாம், ரெஜினா. அவளை ஏன் வித்தனீ?”

எஞ்சினை விற்றோம், பிள்ளை போனாள். தோட்டை விற்றேன், இவர் இருக்கிறார். கணக்கு நேர்தான். ஆனால் வலி அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை.

முகாம் சனம் சேர்த்துத் தந்த காசோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை. எழுந்து நின்றார். “அன்னிக்கே உருக்கிட்டோம்மா. தெரிஞ்சிருந்தா வச்சிருப்பேன்.” கல்லைக் கேட்டேன். மேசைக்குக் கீழே குனிந்து, விளக்குமாற்றுத் தூசிவரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை. எனக்குத் தண்ணீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இனி மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

செபமாலை. கடலில். உடல் இல்லை. நிரோஜினி. மணல் திட்டில். இடம் தெரியாது. கன்னியம்மா. எனக்காகப் பார்க்கப் போனவள். யார்டில் இன்னும் இரண்டு ஆண்கள், வடநாட்டுப் பிள்ளைகள், பேர் கேட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தோனியின் இடது கால். ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு படகு. சிவப்புக் கல் வைத்த தோடு ஒரு சோடி. எஞ்சின் ஒன்று.

இவற்றில் காசு கொடுத்தால் திரும்பக் கிடைக்கக்கூடியது எஞ்சின் மட்டும்தான். அது எங்களுக்கு இனி வேண்டாம்.