கரிமேட்டுக் கத்தரித் தோட்டம்

எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது ஸார். தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் எனக்கு ஏதோ சுயநலம் இருந்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு காய்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

நீங்கள் விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதனால் இடத்தைச் சொல்லவேண்டும். ரயில் ஜங்ஷனைத் தாண்டினால் எஞ்சின் சாம்பலும் கரித்தூளும் குவிந்துகிடக்கிற இடம்தான் கரிமேடு. அதை ஒட்டினாற்போல் சேரி. சேரிக்கு ஒரே ஒரு கிணறு. ஆண்கள் யார்டில் மூட்டை தூக்குவார்கள், பெண்கள் மல்லாட்டை மில்லுக்குக் கடலை உடைக்கப் போவார்கள், பிள்ளைகள் சாம்பலைக் கிளறிக் கரி பொறுக்குவார்கள். யுத்தம் வந்து அரிசி விலை ஏறிப்போனபிறகு அந்தப் பிள்ளைகளின் விலா எலும்பைத் தெருமுனையிலிருந்தே எண்ணலாம். நான் சிதம்பரத்தில் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தவன், காய்ச்சலில் படுத்து அந்த வருஷப் படிப்பைப் பாதியில் விட்டு வந்திருந்தேன். உணவை அதிகம் பயிர் செய்யுங்கள் என்று சர்க்கார் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லோரும் படித்தார்கள். நம்பியவன் நான் ஒருவன்தான்.

சேரியில் போய்ச் சொன்னேன், மேட்டைச் சமன்செய்து, ஏரி வண்டலைக் கொட்டி, கத்தரியும் கீரையும் போடலாம் என்று. மில்லுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிற குப்பம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சாமி, திடீர்னு எங்க மேல பாசம்? குடிசையக் காலி பண்ணச் சொல்றதுக்கு இது புது தினுசா?"

"சந்தேகப்படாதே குப்பம்மா. குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடு."

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தெருக்காரர் எவரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது. நான் அண்ணாந்து, சொட்டு விடாமல் குடித்தேன். மறுநாளே மண்வெட்டிகள் வந்தன. அதன்பிறகு தினமும் சாயங்காலம் நான் போனதும் குப்பம்மாள் சொம்பை நீட்டுவாள். நாலு பேர் பார்க்க வாங்கிக் குடிப்பேன். வீட்டுக்குப் போய் வாய் கொப்பளிப்பேன், அது என் சொந்த விஷயம்.

தை பிறந்தபோது கரிமேடு பச்சையாக இருந்தது. பொய்யில்லை ஸார். பிள்ளைகளின் கேப்பைக் கூழுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. மீந்த காயைப் பெண்கள் சந்தையில் விற்றார்கள். தடியோடு மட்டுமே சேரிக்குள் வந்து பழகிய உங்கள் ஏட்டு, பையோடு வந்தார்.

கெட்டது திண்டிவனத்தால்தான். அங்கே என் கல்லூரித் தோழன் சீனுவாசன் என்னைப் பார்த்து ஒரு தோட்டம் போட்டுவிட்டான். ஏரிக்கரை நிலம், தண்ணீருக்குக் கவலையில்லை. கலெக்டர் சித்திரையில் இரண்டையும் நேரில் பார்த்து, நல்லதற்கு வெள்ளிக் கோப்பை கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. சீனுவாசன் ரயிலேறி வேவு பார்க்க வந்தான்.

"என்னடா, செடியெல்லாம் உன்னை மாதிரியே சோர்ந்து நிக்குது?" என்றான்.

பங்குனி வெயிலில் கிணறு இறங்கியிருந்தது. குடிப்பதற்கு வீட்டுக்கு இரண்டு குடம், மிச்சமெல்லாம் செடிக்கு என்று ஒரு ஏற்பாடு சொல்லிப் பார்த்தேன். யார்டில் வேலை பார்க்கும் இருதயராஜ் எழுந்தான். தாயில்லாத ஒரு சின்ன மகளை வைத்துக் காப்பாற்றுகிறவன்.

"செடிக்கு ஊத்திப்புட்டு எம்புள்ள நாக்க நீட்டிக்கினு குந்தணுமா? மொதல்ல மனுசன் சாமி, அப்பறந்தான் கத்திரிக்கா."

அவன் பேச்சில் நியாயம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு திண்டிவனத்தை ஜெயிக்க முடியாது என்பதுதான் என் சங்கடம். ஏற்பாட்டை யாரும் மதிக்கவில்லை. செடிகள் கருகத் தொடங்கின.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் போனேன். குப்பம்மாள் சொம்பை நீட்டினாள். இப்போதுதான் காபி ஆயிற்று, வேண்டாம் என்றேன். சற்றைக்கெல்லாம், செடிக்கு ஊற்றத் தண்ணீர் சேந்தப் போன, குப்பம்மாளோடு மில்லுக்குப் போகிற பாஞ்சாலி அலறினாள். கிணற்றில் செத்த நாய் மிதந்தது.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிணற்றில் ஏதாவது செத்துக் கிடந்தால் அடிமண் தெரிய இறைத்துக் கொட்டவேண்டும். வீணாக்காதீர்கள், பாத்தியில் கொட்டுங்கள் என்றேன். செடிகள் வயிறாரக் குடித்தன. ஊறிவருகிற தண்ணீரும் கெட்டதுதான், சித்திரை போகட்டும், அதுவரை செடிக்கே விடுங்கள் என்றேன். சயன்ஸ் படித்தவன் சொன்னதால் கேட்டுக்கொண்டார்கள். குடிப்பதற்கு, தண்டவாளத்துப் பக்கம் எருமை படுக்கிற குட்டைக்குப் போனார்கள். எங்கள் தெருவில் நல்ல கிணறு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் இன்னும் அவ்வளவு சீர்திருத்தம் வரவில்லை.

நாயைப் போட்டது யார்? சேரி முழுக்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தது. நேற்றுவரை நெருப்பு வாங்கிக்கொண்ட வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. விசாரிக்க என்னையே உட்காரச் சொன்னார்கள். நான் எவர் பெயரையும் சொல்லவில்லை ஸார். தோட்டம் வேண்டாம் என்று நம்மில் யாராவது எப்போதாவது பேசியதுண்டா என்று ஒரு கேள்விதான் கேட்டேன். எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

"மாதா சத்தியமா நான் இல்ல," என்றான் இருதயராஜ். "எம்மவ குடிக்கிற தண்ணியில நானே பொணத்தப் போடுவனா? யோசன பண்ணிப் பேசுங்கடா."

யாரும் யோசனை பண்ணவில்லை. அடித்தார்கள். அடி போதும் என்று நான்தான் தடுத்து, போலீசுக்குச் சொல்லியனுப்பினேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர் கொண்டுபோய் அடைத்தார்.

கலெக்டர் வருகிற வாரத்தில் சேரியில் வாந்திபேதி கண்டது. அவர் வந்த அன்று இரண்டு குடிசையில் பிணம் கிடந்தது. அவர் போகிறவரை கொஞ்சம் சத்தமில்லாமல் அழும்படி கேட்டுக்கொண்டேன். வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு அடங்கியிருந்தார்கள். நல்ல ஜனங்கள். கலெக்டர் ஒரு காயைக் கையில் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார். கோப்பை எங்களுக்குத்தான்.

இருதயராஜின் மகள் ஜெயம் மறுநாள் குப்பம்மாளின் மடியில் போனாள். அப்பன் லாக்கப்பில் இருந்தான். குழந்தையைப் புதைத்துவிட்டுக் குப்பம்மாள் நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். நான் கோப்பையை வைக்க ஒரு மேடை கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஏன் சாமி தண்ணி வாணாம்னீங்க?"

"காபி குடிச்சேன்னு சொன்னேனே."

"தெனமுந்தான் காபி குடிச்சிக்கினு வர்றீங்க. பாஞ்சாலி நாயப் பாக்கறதுக்கு முன்னாலயே ஒங்களுக்குத் தண்ணி வாணாமாப் பூட்ச்சி. நான் குடுத்தது காலையில மொண்டு வெச்ச தண்ணி சாமி. நல்ல தண்ணி."

என் ஏற்பாட்டில் அது ஒன்றுதான் பிசகு. பேசாமல் குடித்திருக்கலாம். அவள் சேரியைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள், நீங்கள் என்னை அழைத்தீர்கள்.

ஆமாம், நான்தான் போட்டேன். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த உச்சிவேளையில், சாக்கில் கட்டி இழுத்துவந்து அவிழ்த்துவிட்டேன். நாயை நான் கொல்லவில்லை, அது ரயிலில் அடிபட்டுக் கிடந்தது. ஜீவகாருண்யம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. செத்தவர்கள் குடித்தது குட்டைத் தண்ணீர் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். குட்டையில் நான் எதையும் போடவில்லை.

இருதயராஜை நேற்று விட்டுவிட்டீர்களாம். சந்தோஷம், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவன் செய்த காரியத்தை ஏட்டு சொன்னார். மகளைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு நேரே கரிமேட்டுக்குப் போனானாம். ஒரு செடி பாக்கியில்லாமல் பிடுங்கி எறிந்தானாம். குப்பம்மாளும் பாஞ்சாலியும், ஏன், சேரியே சேர்ந்து பிடுங்கியதாம். தடுக்க ஒரு ஆள் இல்லை. இதை என் தரப்புப் புகாராகத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் ஸார், கையெழுத்துப் போடுகிறேன். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள். காய்க்கிற உயிரைப் பிடுங்கிப் போட மனுஷர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.