செருப்பு அலமாரியில் மூன்று ஜோடி

இசோகாய்: ...அதான் சொல்றேனேங்க ஐயா, நான் இல்லை. என் சிநேகிதன் ஒருத்தன்.

குசுமி: சிநேகிதன்.

இசோகாய்: ஆமா. பாவம், பயந்த சுபாவம். போலீஸ் சாவடியைத் தூரத்துல பார்த்தாலே அடுத்த தெருவுக்குத் திரும்பிடுவான். அதான் என்னை அனுப்பினான்.

குசுமி: உன்னை மூணு தடவை பிடிச்சு உள்ளே தள்ளினவன் நான். உனக்கு இந்த ஒசாகாவுல ஒரு சிநேகிதனும் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா?

இசோகாய்: இப்படிப் பட்டுனு சொன்னா மனசு வலிக்குதுங்க.

குசுமி: வலிக்கட்டும். என்ன பண்ணினான் உன் சிநேகிதன்?

இசோகாய்: இன்னிக்கு மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போனான்.

குசுமி: விருந்துக்கா?

இசோகாய்: வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து...

குசுமி: ஓ. அந்த மாதிரி விருந்து.

இசோகாய்: கதவைத் திறந்தான். ஓசையே இல்லாமத் திறந்தான், அதுல அவன் கெட்டிக்காரன். உள்ளே போனதும் செருப்பைக் கழட்டினான்.

குசுமி: திருடப் போன இடத்துல?

இசோகாய்: பின்னே? அடுத்தவங்க வீட்டுப் பாய்ல செருப்புக் காலோட ஏறுவாங்களா? அவன் நல்ல குடும்பத்துல பொறந்தவன்.

குசுமி: சரி, கோவிச்சுக்காதே. அப்புறம்?

இசோகாய்: கழட்டின செருப்பை வாசல்ல விட்டா, வர்றவங்க பார்த்துடுவாங்க இல்லையா? அதனால அலமாரிக்குள்ள வைக்கலாம்னு திறந்தான். திறந்தவன் அப்படியே நின்னுட்டான்.

குசுமி: ஏன், பணமா இருந்துச்சு?

இசோகாய்: பொம்பளைங்க செருப்பு. மூணு ஜோடி. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு, ஒண்ணு நடுவாந்தரம். முனை வாசலைப் பார்த்து இருக்கிற மாதிரி வரிசையா வச்சிருக்கு, விருந்தாளி கிளம்பறப்போ போட்டுக்க வசதியா வைப்போமே, அப்படி. அந்த ஆளு கல்யாணம் ஆகாதவன். தனிக்கட்டை.

குசுமி: அக்கா தங்கச்சி வந்திருப்பாங்க.

இசோகாய்: அதுல ஒரு ஜோடி சிவப்பு. மஞ்சள் வார் வச்சது... உங்க முதுகுக்குப் பின்னால ஒட்டியிருக்கே, அந்தப் போஸ்டர்ல எழுதியிருக்கிற மாதிரியே.

குசுமி: தெரு பேரைச் சொல்லு.

இசோகாய்: சொல்றேன். அதுக்கு முன்னாடி என் சிநேகிதனை...

குசுமி: இசோகாய், இந்த வருஷம் மூணு பொண்ணுங்க காணாமப் போயிருக்காங்க. முதல் பொண்ணோட கைப்பை ஆத்துல கிடைச்சதுலேர்ந்து பெரிய போலீஸ் ஆபீஸ்காரங்க எல்லாம் ஆத்தைச் சல்லடை போட்டுச் சலிச்சுக்கிட்டிருக்காங்க. என்கிட்ட பேரம் பேசாதே. தெரு.

இசோகாய்: கோயில் பின்னால, குளியல் கூடத்துக்கு அடுத்த சந்து. கடைசி வீடு. மருந்துக்கடையில வேலை பார்க்கிறாரே, செனோ.

குசுமி: செனோவா? எதிர்ல வந்தா இடுப்பு ஒடியக் குனிஞ்சு வணக்கம் சொல்ற ஆளாச்சே.

இசோகாய்: எனக்குக் கூடச் சொல்லியிருக்காரு. எனக்குக் கூட வணக்கம் சொல்ற ஆளை நம்பலாமாங்க?

குசுமி: உட்காரு. டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்.

இசோகாய்: டீ எதுக்குங்க இப்போ? கடையை அடைச்சு அவன் வீட்டுக்கு வந்துட்டான்னா ஓடிடுவான். சீக்கிரம்... ஐயா? என்ன மனுஷன் இவரு, ஊரு எரியறப்போ அடுப்பு பத்த வைக்கப் போறாரு... ஐயா, டீ போட இவ்வளவு நேரமா?

குசுமி: இந்தா, குடி. உள்ளே போன் பண்ணிட்டு வந்தேன். சந்தோட ரெண்டு முனையிலயும் ஆள் நிக்குது.

இசோகாய்: அப்படிச் சொல்லுங்க. அப்போ நான் கிளம்...

குசுமி: உட்காருன்னேன். கால்ல என்ன?

இசோகாய்: காலா?

குசுமி: கழிப்பறைச் செருப்பு மாதிரி இருக்கு. மேலயே கழிப்பறைன்னு போட்டிருக்கு. தெருவெல்லாம் இதைப் போட்டுக்கிட்டா நடந்து வந்தே?

இசோகாய்: ...சிநேகிதன் குடுத்தான்.

குசுமி: இசோகாய்.

இசோகாய்: சரிங்க. நான்தான். முன்வாசல்ல, நம்ம எல்லாரையும் கண்காணிக்கிற தெருச் சங்கத்தம்மா துடைப்பமும் கையுமா நின்னுக்கிட்டிருந்தது. என் செருப்பை முன்பக்கமே விட்டுட்டு, சமையல்கட்டு வழியா வெளியே வரவேண்டியதாப் போச்சு. கைக்கு, இல்ல, காலுக்குக் கிடைச்சது இதுதான்.

குசுமி: நாலாவது தடவை. இந்தத் தடவை வருஷக்கணக்குல உள்ளே இருப்பே, தெரியுமா?

இசோகாய்: தெரியும். இன்னொரு தடவை உள்ளே போனா உறவை வெட்டி விட்டுடுவேன்னு என் பொண்டாட்டி ஹருயோவும் சொல்லியிருக்கா. எங்க நூடுல்ஸ் கடையை அவ பேருக்கு எழுதி வச்சதே, நான் உள்ளே போனாலும் அவ பொழைச்சுக்கட்டும்னுதான்.

குசுமி: அப்புறம் ஏன்யா வந்தே? ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கலாமே.

இசோகாய்: கடுதாசி போய்ச் சேர நாளாகும். எனக்குப் பயமா இருந்துச்சுங்க. என் வாழ்க்கையில முதல் தடவையா, பிடிபட்டுடுவோமோன்னு இல்லாம வேற ஒண்ணுக்காகப் பயந்தேன். இங்க உட்கார்ந்தும் இன்னும் வாசலையே பார்த்துக்கிட்டிருக்கேன் பாருங்க.

குசுமி: குடி, குடி. சூடு ஆறுது... ஒண்ணுதான் எனக்குப் புரியலை. இத்தனை பண்ணினவன் அந்தச் செருப்புகளை ஏன் வச்சிருந்தான்? தூக்கிப் போட வேண்டியதுதானே.

இசோகாய்: எங்கே போடறது? நம்ம பேட்டையில குப்பைப் பை உள்ளே இருக்கிறது தெரியற பை. சங்கத்தம்மா ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்க்கும். போன மாசம் நான் மீன் முள்ளைத் தப்பான நாள்ல போட்டேன்னு பையை என் வாசல்லயே திருப்பி வச்சிட்டுப் போச்சு. தனிக்கட்டை பையில பொம்பளைச் செருப்பு இருந்தா விடுமா? ரெண்டு தெருவுக்குக் கல்யாணச் சேதி பரவியிருக்கும்.

குசுமி: பெரிய ஆபீஸுக்குப் பயப்படலை, சங்கத்தம்மாவுக்குப் பயந்திருக்கான்.

இசோகாய்: யாருதான் பயப்படலை? நீங்க?

குசுமி: என் பையும் ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு... இரு, போன். ஆமா, குசுமிதான். ...வாசல்லயேவா? ...நல்லது. ...ம். ...ம். ...என்னது? முழுசாத் தேடினீங்களா? மச்சு மேல? ...சரி. வச்சிடறேன்.

இசோகாய்: பிடிச்சாச்சா?

குசுமி: கதவுல சாவியைப் போட்டுக்கிட்டிருக்கும்போதே அமுக்கிட்டாங்க. ரெண்டு பொண்ணுங்களைக் கொன்னு தோட்டத்துல புதைச்சதை ஒத்துக்கிட்டான்.

இசோகாய்: அட பாவி... ரெண்டு பேரா.

குசுமி: மூணாவது பொண்ணு, அந்தச் சிவப்புச் செருப்பு சிநோபு... வீட்டுல இல்லை. கேட்டா அவனே முழிக்கிறானாம். காலையில கட்டிப் போட்டுட்டுத்தானே போனேன், இங்கதானே இருந்தாங்கறானாம். நடிக்கிறான் நாய்.

இசோகாய்: விலங்கு மாட்டிட்டாங்களா?

குசுமி: அந்தப் பொண்ணோட அம்மா தினம் காலையில இங்க வந்து, நீ உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில உட்காரும். ஒரு வார்த்தை கேட்காது. போஸ்டரைப் பார்க்கும், எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை வச்சிட்டு எழுந்து போகும். நாளைக்கு அது மூஞ்சியில நான் எப்படிய்யா முழிப்பேன்?

இசோகாய்: ஐயா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. விலங்கு மாட்டியாச்சா, இல்லையா?

குசுமி: மாட்டியாச்சு, வண்டியில ஏத்தியாச்சு, வண்டியும் கிளம்பியாச்சு. உனக்கு ஏன் அதுல இத்தனை அக்கறை?

இசோகாய்: சத்தியமா?

குசுமி: சத்தியமா. இசோகாய்... என்னை நிமிர்ந்து பாரு. அந்த வீட்டுலேர்ந்து நீ என்ன எடுத்துட்டு வந்தே?

இசோகாய்: அந்தப் பொண்ணைத்தாங்க. மச்சுக்குக் கீழே படுக்கை வைக்கிற அலமாரியில கட்டிக் கிடந்தா, முதுகுல தூக்கிட்டு வந்துட்டேன். அவனுக்கு விலங்கு மாட்டற வரைக்கும் எங்கே இருக்கேன்னு போலீஸ்கிட்டக் கூடச் சொல்லக் கூடாதுன்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, சரின்னுட்டேன். இப்போ ஹருயோ கடையில ரெண்டாவது கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருப்பா... முதல்ல அவ அம்மாவுக்குப் போன் பண்ணுங்க, என்னை அப்புறமாப் பூட்டலாம்.